ஓர் இளநீர், பதினைந்து மில்லி சிரப்

விருதுநகர் மாவட்டத்தில் சேத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வரை மலையடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் தென்னந்தோப்புகளில், காய்க்கிற மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் வைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். இரண்டு தவணையாகப் பிரித்து, மரத்தைச் சுற்றி வட்டப் பாத்தியில் இட வேண்டும். மூன்றில் அதிக தூரம் பயணம் செய்து வருவது பொட்டாஷ்தான். கனடா, ரஷ்யா, இஸ்ரேல், ஜோர்டான் என்று எங்கெங்கிருந்தோ கப்பலேறி வந்து ராஜபாளையத்து உரக்கடையில் மூட்டையாக இறங்குகிறது. வேதியியல் கணக்கில் அது பொட்டாசியம் குளோரைடு. இரண்டு கிலோவில் பொட்டாசியம் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தேறும். அந்த மூட்டையைச் சுமந்து வரும் 70 கிலோ ஆளின் உடம்பு முழுவதையும் சேர்த்தால் உள்ள பொட்டாசியம் 140 கிராம். தென்னை அவ்வளவு பொட்டாசியம் கேட்கும் மரம். வாங்கியதில் ஒரு பங்கை இளநீராக நமக்குத் திருப்பித் தருகிறது.

பொட்டாசியம் குளோரைடு என்ற இதே உப்பு மெடிக்கல் ஷாப்பில் சிரப்பாகவும் மாத்திரையாகவும் இருக்கிறது. மளிகைக் கடையில் ‘லோ சோடியம்’ என்று அச்சிட்ட உப்புப் பொட்டலத்துக்குள் ஒரு பங்காகக் கலந்திருக்கிறது. 1982இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் விஷ ஊசியால் மரண தண்டனை நிறைவேற்றத் தொடங்கியபோது, இதயத்தை நிறுத்துவதற்கென்று வைத்திருந்த மருந்தும் இதுதான். உரம், மருந்து, சமையல் உப்பு, தூக்குக் கயிறு எல்லாம் ஒரே பொருள். அதனால் ‘பொட்டாசியம் நல்லதா, கெட்டதா?’ என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. எந்த வழியாக, எவ்வளவு வேகமாக, எப்படிப்பட்ட சிறுநீரகம் உள்ள உடம்புக்குள் போகிறது என்று கேட்டால் பதில் உண்டு. இந்த அத்தியாயம் அந்தப் பதிலைப் பற்றியது.

உடம்பில் உள்ள அந்த 140 கிராம் பொட்டாசியத்தில் 98 விழுக்காடு செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்திலும் செல்களுக்கு இடையே ஊறி நிற்கும் நீரிலும் இருப்பது இரண்டு, மூன்று கிராம்தான். பரிசோதனைச் சீட்டில் ‘சீரம் பொட்டாசியம்’ என்று வரும் எண், வெளியே நிற்கும் இந்தச் சொற்பத்தின் அடர்த்தியைச் சொல்கிறது. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருந்தால் சரி. 5.5ஐத் தாண்டினால் மருத்துவர் நெற்றியைச் சுருக்குவார், 6.5ஐத் தாண்டினால் இ.சி.ஜி. மெஷினைக் கொண்டுவரச் சொல்வார். சோடியத்துக்கு 135 முதல் 145 வரை பத்து எண் அளவுக்கு இடம் இருக்கிறது. பொட்டாசியத்துக்கு ஒன்றரைதான்.

இப்போது ஓர் இளநீரைச் சீவுவோம். 300 மில்லி தண்ணீர் உள்ள காயில் சுமார் 750 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். காய்க்குக் காய் கூடும், குறையும். மருத்துவர் எழுதித் தரும் பொட்டாசியம் குளோரைடு சிரப்பில் 15 மில்லிக்கு 1.5 கிராம் உப்பு. அதாவது 20 மில்லிமோல், அதாவது 780 மில்லிகிராம் பொட்டாசியம். ஆக ஒரு வேளை சிரப்பும் ஓர் இளநீரும் பொட்டாசியத்தில் ஏறத்தாழ ஒரே அளவு. சிரப்பைக் கண்டு பயப்படும் பலர் இளநீரைக் கண்டு பயப்படுவதில்லை. இளநீரை மருந்தாக நினைக்கும் வேறு பலர் சிரப்பையும் இளநீர் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் கவலை அதிகம்.

கணக்கை இன்னும் ஒரு படி நீட்டலாம். 20 மில்லிமோல் பொட்டாசியமும் செல்களுக்கு வெளியே உள்ள 14 லிட்டர் நீரிலேயே கலந்து நின்றுவிட்டால், 4 என்றிருந்த எண் 5.4 ஆகும். அடுத்தடுத்து மூன்று இளநீர் குடித்தால் 8ஐத் தாண்டிவிடும், இதயம் தாங்காது. ஆனால் சித்திரை வெயிலில் பேருந்தைவிட்டு இறங்கி, வரிசையாக மூன்று காய் வெட்டச் சொல்லிக் குடித்துவிட்டு நடந்து போகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கான பாதி விடையைக் கரையோர நண்டுகளின் நரம்பிலிருந்து எடுத்தவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கவ். செல்லின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் ஒரு புரதம் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது என்பதற்கான ஆதாரம் அவருடைய 1957ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வளர்ந்தது. நோபல் பரிசு வந்து சேர்ந்ததோ 1997இல். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு வேலைக்கே போகிறது. சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் சர்க்கரையை மட்டும் கவனிப்பதில்லை. இந்தப் பம்புகளையும் முடுக்கிவிடுகிறது. வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு வந்த பொட்டாசியம் நிமிடக் கணக்கில் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் ஒதுக்கப்படுகிறது. சர்க்கரை நோயாளியிடம் இந்த முதல் தடுப்பே கொஞ்சம் தளர்ந்திருக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒதுக்கியது அங்கேயே தங்கிவிட முடியாது. அடுத்த சில மணி நேரத்தில் அதைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். அன்றாடம் உள்ளே வருவதில் சுமார் 90 விழுக்காடு சிறுநீரில் போகிறது, மிச்சம் மலத்தில். கண்மாய்ப் பாசனம் பார்த்து வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கலுங்கு நன்றாக இருக்கும் கண்மாய்க்கு எவ்வளவு வரத்து வந்தாலும் மறுகால் பாய்ந்துவிடும். கலுங்கு அடைபட்ட கண்மாய்க்குச் சாதாரண மழையே கரையை உடைக்கும். வரத்தை மட்டும் அளந்து பார்த்துப் பயனில்லை.

சிக்கல் என்னவென்றால், சிறுநீரகம் அடைபடுவது வெளியே தெரியாது. வலிக்காது. பாதிக்கு மேல் வேலை போன பிறகும் சிறுநீர் வழக்கம்போல் பிரியும். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் கிட்னியைக் கெடுக்கும் முதல் இரண்டு காரணங்கள். இவை இரண்டும் இல்லாமல், வெயிலில் உழைக்கும் விவசாயக் கூலிகளிடமும் சிறுநீரகப் பழுது காணப்படுகிறது என்பது தமிழகத்தில் அண்மையில் நடந்த ஆய்வுகளின் செய்தி.

விருதுநகர் மாவட்டத்தில் இளநீரைப் பற்றி எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் போவது நேர்மையாகாது. 2010இல் இந்த மாவட்டத்திலிருந்து வந்த செய்திகள் தலைக்கூத்தலை நாடு முழுக்கத் தெரிய வைத்தன. படுக்கையில் கிடக்கும் முதியவரைக் குடும்பத்தாரே எண்ணெய்க் குளியலாலும் இளநீராலும் முடித்துவைக்கும் வழக்கம் அது. வீட்டார் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்ட 80 வயது முதியவர் ஒருவர் தப்பிப் போய் உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார் என்ற செய்தியும் அப்போது வந்தது. பிறகு ‘கே.டி. (எ) கருப்புதுரை’, தேசிய விருது பெற்ற ‘பாரம்’, 2023இல் ‘தலைக்கூத்தல்’ என்று சினிமாவும் இதைத் தொட்டது. சட்டத்தின் கண்ணில் இது கொலை. என் கண்ணிலும் அப்படியே. அறிவியல் நூலில் இதற்கு இடம் உண்டு என்று நான் நினைப்பதற்குக் காரணம் வேறு. நீர் வற்றி, கிட்னி தளர்ந்து, சாப்பாடு குறைந்துபோன முதிய உடம்புக்கு இளநீர் ‘குளிர்ச்சி’ என்று அன்போடு கொடுக்கும் வீடுகளும் இதே ஊர்களில் இருக்கின்றன. கொடுக்கும் மனம் வேறுவேறு. சிறுநீரகத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

முதுமையும் நோயும் இல்லாதவர்களுக்கும் எல்லை உண்டு. 2014இல் அமெரிக்க இதயவியல் இதழ் ஒன்றில் வெளியான குறிப்பு இது: 42 வயது ஆரோக்கியமான மனிதர், கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்க டென்னிஸ் ஆடியபடி போத்தல் போத்தலாக இரண்டரை லிட்டருக்கு மேல் தேங்காய்த் தண்ணீர் குடித்திருக்கிறார். மயங்கி விழுந்தவரை மருத்துவமனையில் சேர்த்தபோது பொட்டாசியம் 6.5. தசைகளும் சிதைந்து, சிறுநீரகமும் தற்காலிகமாகப் படுத்துவிட்டது. பிழைத்துக்கொண்டார். வெயில், கடும் உழைப்பு, நீரிழப்பு, அதன்மேல் பொட்டாசியம் என்று நான்கும் சேர்ந்து வந்ததில் நல்ல கிட்னியும் திணறிவிட்டது.

ராஜபாளையத்து நூல் மில்களில் ஈரப்பதமான வெக்கையில் எட்டு மணி நேரம் நிற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வியர்வையில் அதிகம் போவது சோடியம், பொட்டாசியம் கொஞ்சம்தான். இளநீரில் தலைகீழ்: பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம். ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு உப்புப் போட்ட நீர்மோரோ, கஞ்சியோ இளநீரைவிடப் பொருத்தம். ஓர் இளநீர் குடிப்பதில் தவறில்லை. இழந்ததை அது ஈடுகட்டிவிடும் என்று நினைப்பதுதான் தவறு. வாந்தி, பேதி என்றால் கதை மாறும். அங்கே பொட்டாசியமும் சேர்ந்து போகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியமும் 20 மில்லிமோல் பொட்டாசியமும் இருக்கின்றன. ஒரு லிட்டர் முழுவதிலும் ஓர் இளநீர் அளவுக்குத்தான் பொட்டாசியம் என்பதைப் பாருங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பொடியையும் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கரைத்தால் ‘ஸ்ட்ராங்’ ஆகாது, ஆபத்தாகும்.

பொட்டாசியம் உண்மையிலேயே யாருக்குக் குறைகிறது? கால் வீக்கத்துக்கும் பிரஷருக்கும் கொடுக்கும் நீர் பிரியும் மாத்திரைகளில் ஃப்ரூசெமைடும் தையசைடும் பொட்டாசியத்தைச் சிறுநீரில் இழுத்துக்கொண்டு போகின்றன. நாள்கணக்கில் வாந்தி, பேதி என்றாலும் குறையும். ஆஸ்துமாவுக்கு அடுத்தடுத்து நெபுலைசர் வைக்கும்போது பொட்டாசியம் செல்லுக்குள் ஒதுங்கி, ரத்தத்தில் எண் இறங்கும். தமிழகத்தின் வடமாவட்டங்களில் தற்கொலைக்கு உண்ணப்படும் ஒடுவன்தழை சிறுநீரகக் குழாய்களைக் கெடுத்துப் பொட்டாசியத்தைக் கொட்டவைக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். படுக்கையிலிருந்து எழ முடியாமல் திடீரென்று கைகால் விழுந்துபோகும் இளைஞர்கள் சிலருக்குப் பக்கவாதம் என்று பதறி ஓடிப் பார்த்தால், பொட்டாசியம் 2க்குப் பக்கத்தில் இருக்கும். சரிக்கட்டியதும் எழுந்து நடந்துவிடுவார்கள். இது அவசர மருத்துவர்களுக்கு அபூர்வமாகக் கிடைக்கும் மகிழ்ச்சிகளில் ஒன்று.

குறைந்ததை ஒரே நாளில் நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது. எண் 4இலிருந்து 3க்கு இறங்கியிருக்கிறது என்றால், உடம்பு முழுவதிலும் சுமார் 200 முதல் 400 மில்லிமோல் வரை பற்றாக்குறை என்பது மருத்துவர்களின் தோராயக் கணக்கு. அதாவது பத்து முதல் இருபது வேளை சிரப். அதைச் சில நாட்களுக்குப் பிரித்துத்தான் கொடுப்பார்கள். நடுவில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எத்தனை கொடுத்தாலும் எண் ஏறவில்லை என்றால் மக்னீசியம் குறைந்திருக்கலாம். மக்னீசியம் இல்லாமல் கிட்னியால் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்க முடியாது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துக் குடிக்க வேண்டாம். முந்தைய சீட்டைக் காட்டி இன்னொரு பாட்டில் வாங்குவதும் வேண்டாம். அந்தச் சீட்டு எழுதியபோது இருந்த எண் இப்போது இல்லை.

குடிக்கும் முறை எளிது, ஆனால் பெரும்பாலான வீடுகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. சிரப்பை அப்படியே விழுங்கினால் தொண்டையும் வயிறும் எரியும், வாந்தி வரும். ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். மாத்திரை என்றால் அது மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டது. கடிக்கவோ, பொடிக்கவோ கூடாது. உட்கார்ந்து அல்லது நின்றபடி டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும்.

இந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு பழைய விபத்து இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் மேலைநாடுகளில் நீர் மாத்திரையோடு பொட்டாசியம் குளோரைடையும் சேர்த்து, வயிற்றைத் தாண்டிக் குடலில் கரையும்படி பூச்சு கொடுத்து விற்றார்கள். சிறுகுடலின் ஒரே இடத்தில் மாத்திரை முழுவதும் கரைந்ததில் அங்கே புண்ணாகி, குடல் சுருங்கி, சிலருக்கு ஓட்டையே விழுந்தது. 1964இல் அறிக்கைகள் வரிசையாக வெளிவந்தன. அதற்குப் பிறகுதான் மெழுகுத் தாங்கலில் வைத்து மெதுவாகக் கசியும் மாத்திரைகள் வந்தன. அமெரிக்காவில் சீட்டில்லாமல் விற்கும் பொட்டாசிய மாத்திரைகள் பெரும்பாலும் 99 மில்லிகிராமோடு நின்றுவிடுவதும் அந்த அச்சத்தின் எச்சம்தான். வெளிநாட்டு மகன் ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு வாங்கி வரும் அந்த அழகான டப்பாவில் ஒரு மாத்திரைக்கு எட்டு டீஸ்பூன் இளநீர் அளவு பொட்டாசியம்தான் இருக்கிறது. இந்தியர்களுக்கு ஒரு நாளைக்கு 3,500 மில்லிகிராம் என்பது 2020இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொன்ன அளவு. கிட்னி நன்றாக உள்ளவருக்கு அந்த டப்பா தண்டச் செலவு. கிட்னி கெட்டவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஊசி மருந்து முற்றிலும் வேறு உலகம். பத்து மில்லி ஆம்பூல் ஒன்றில் 20 மில்லிமோல், ஒரு வேளை சிரப்பில் உள்ள அதே அளவுதான். சிரப் குடலில் மெதுவாக இறங்கும். ஆம்பூலை நீர்க்காமல் நேராக ரத்தக்குழாயில் செலுத்தினால் அடுத்த சில துடிப்புகளுக்குள் இதயத்துக்குப் போய்விடும். அதனால் டிரிப்ஸில் கலந்து, சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லிமோலைத் தாண்டாமல் ஏற்றுவார்கள். உலகெங்கும் நர்ஸ் தவறி எடுத்துப் போட்டு நோயாளி இறந்த சம்பவங்கள் நடந்த பிறகு, இந்த ஆம்பூலை வார்டு அலமாரியிலிருந்தே அகற்றிவைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. சோர்வாக இருக்கிறது என்று போகிற இடத்தில் ‘ஒரு பாட்டில் ஏத்துங்க’ என்று கேட்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்தப் பாட்டிலில் என்ன கலக்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

இனி, பொட்டாசியம் என்று பெயர்ப்பட்டியில் இல்லாமலேயே பொட்டாசியத்தை ஏற்றும் மருந்துகள். ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகிய பிரஷர் மாத்திரைகள் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கின்றன. ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை மற்ற நீர் மாத்திரைகளுக்கு நேர் எதிர், பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோலும் இந்தக் கூட்டணியில் உண்டு. ஒவ்வொன்றும் தனியாக நல்ல மருந்து. டெல்மிசார்டன் சாப்பிடும் 70 வயது அம்மாவுக்கு முழங்கால் வலிக்கு ஊசி போட்டு, பேதியான இரண்டு நாளும் இளநீராகக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை மேலே உள்ள கணக்கை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

கனடாவின் ஆன்டேரியோ மாநிலம் இந்தக் கணக்கை மாநில அளவில் போட்டுப் பார்த்தது. 1999இல் வெளியான ரேல்ஸ் ஆய்வு, கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் சேர்த்தால் மரணம் 30 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. அருமையான முடிவு. மருத்துவர்கள் உற்சாகமாக எழுதித் தள்ளினார்கள். ஆய்வில் கிட்னி பழுதானவர்களைச் சேர்க்கவில்லை, அடிக்கடி ரத்தம் பார்த்தார்கள் என்பது உற்சாகத்தில் மறந்துபோயிற்று. ஆன்டேரியோவில் பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரம் நோயாளிகளுக்கு 2.4 பேர்; 2001இல் 11 பேர். மருந்து அதேதான். மாறியது எழுதித் தந்த அளவும் மேற்பார்வையும்.

இதைவிடப் பெரிய பொட்டாசிய ஏற்பாடு ஒன்று இப்போது சமையலறைக்கு வந்துகொண்டிருக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், உப்பில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்து கொடுத்ததில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. தெலங்கானாவின் சித்திப்பேட்டைப் பகுதியில் 502 ரத்த அழுத்த நோயாளிகளிடம் 30 விழுக்காடு பொட்டாசிய உப்பைக் கொடுத்துப் பார்த்ததில் மேல் அழுத்தம் 4.6 புள்ளி இறங்கியது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே குறைந்த சோடிய உப்பைப் பரிந்துரைத்துவிட்டது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் விரும்பும் நமக்கு இது நல்ல செய்தி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதே பரிந்துரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு இது பொருந்தாது என்றும் சொல்கிறது. வீட்டில் ஆறு பேர் இருந்தாலும் உப்பு ஜாடி ஒன்றுதான். தாத்தாவுக்குக் கிட்னி சரியில்லை என்றால் அந்த வீட்டுக்கு அந்த உப்பு வேண்டாம். சாதாரண உப்பையே குறைத்துப் போடுவது மேல். இடையில் ஒரு வார்த்தை: இந்துப்பு என்பது பொட்டாசியம் குளோரைடு என்று தமிழில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. தவறு. பாறை உப்பில் 97 விழுக்காட்டுக்கு மேல் நம் சமையல் உப்பான சோடியம் குளோரைடுதான். பிரஷருக்கு நல்லது என்று அதைத் தாராளமாகப் போடுகிறவர்கள் சோடியத்தைத்தான் தாராளமாகப் போடுகிறார்கள்.

பரிசோதனைச் சீட்டும் சில சமயம் பொய் சொல்லும். கையை இறுகக் கட்டி, முஷ்டியை மடக்கி மடக்கித் திறக்கச் சொல்லி, மெல்லிய ஊசியில் இழுத்து எடுத்தால் தசையிலிருந்தும் உடைந்த சிவப்பணுக்களிலிருந்தும் பொட்டாசியம் வெளியே கொட்டும். 4 என்பது 6 ஆகிவிடும். எடுத்த ரத்தத்தை நெடுநேரம் பிரிக்காமல் வைத்தாலும் அப்படித்தான். ரத்த அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடிக் குழாயில் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் மருந்தே ஒரு பொட்டாசிய உப்பு. அதிலிருந்து ஒரு சொட்டு இந்தக் குழாய்க்கு மாறினாலும் எண் எகிறும். நோயாளி நன்றாக இருக்கிறார், இ.சி.ஜி. சரியாக இருக்கிறது, எண் மட்டும் 6.2 என்றால் நல்ல மருத்துவர் முதலில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார். இ.சி.ஜி.யில் ‘டி’ அலை கூடாரம்போல் நிமிர்ந்திருந்தால் மறுபரிசோதனைக்காகக் காத்திருக்க மாட்டார். கால்சியம் குளுக்கோனேட் ஊசி இதயத்தைக் காப்பாற்றி அவகாசம் வாங்கித் தரும், பொட்டாசியத்தைக் குறைக்காது. இன்சுலினும் குளுக்கோசும் அதைச் செல்லுக்குள் ஒதுக்கும். உடம்பைவிட்டே வெளியேற்ற, சிறுநீர் பிரியாதவருக்கு டயாலிசிஸ்தான் வழி. காலில் பலமில்லை, நெஞ்சு படபடக்கிறது, சிறுநீர் குறைந்துவிட்டது என்று கிட்னி நோயாளி சொன்னால் வீட்டில் எலுமிச்சைச் சாறு கலக்கிக்கொண்டிருக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஊர்ச் சாப்பாட்டில் எதை விடுவது? இளநீர், தக்காளி சூப், முருங்கைக் கீரைச் சாறு, கருப்பட்டி, பேரீச்சை முதலில் போக வேண்டியவை. உருளைக்கிழங்கையும் கீரையையும் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியத்தில் ஒரு நல்ல பங்கு தண்ணீரோடு போய்விடும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, லிட்டர் கணக்கான பாலைச் சுண்டக் காய்ச்சியது. பாலின் பொட்டாசியமும் பாஸ்பரசும் ஆவியாகாமல் அப்படியே அதில் நிற்கின்றன. ஆண்டாள் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் தரும் துண்டை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது; ஒரு விள்ளலோடு நிறுத்திக்கொள்ளலாம். ராஜபாளையம் மாம்பழத்துக்கு நல்ல செய்தி உண்டு. மாம்பழத்தில் 100 கிராமுக்கு சுமார் 170 மில்லிகிராம்தான், வாழைப்பழத்தில் உள்ளதில் பாதி. இரண்டு கீற்றை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடலாம்.

உங்கள் வீட்டில் பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் இருக்கிறாரா? அடுத்த முறை சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கும்போது கிரியாட்டினினும் பொட்டாசியமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு கிடையாது. அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மாத்திரை டப்பாவிலேயே வைத்திருங்கள். சிரப்போ, ‘லோ சோடியம்’ உப்போ, மூட்டுவலி மாத்திரையோ வாங்கப் போகும்போது, காசை எடுப்பதற்கு முன் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.